ஒன்றரை மில்லிமீட்டர்

பிப்ரவரி 11, 2025

இன்று நாய்க்கடிக்கு வந்தவர்கள் முப்பத்தெட்டுப் பேர். ஆளுக்கு இரண்டு கையிலும் ஒவ்வொரு ஊசி. தாராவியில் இந்த டிஸ்பென்சரிக்கு நர்ஸாக வந்து பதினாலு வருஷம், இது எனக்குப் புதிதில்லை.

இது சதையில் குத்துகிற ஊசி இல்லை. தோலுக்குள்ளேயே நிற்க வேண்டும். சரியாகப் போனால் பயறு அளவுக்கு வெள்ளையாகப் புடைக்கும். ஆழமாகப் போனால் புடைக்காது. மேலாக நின்றால் மருந்து வழிந்துவிடும். அப்போது பக்கத்தில் இன்னொன்று போட வேண்டும், அதுதான் விதி.

மத்தியானத்துக்கு மேல் வலது கை நடுங்கியது. பசி என்று நினைத்துக்கொண்டேன். போன மாதமும் பசி என்றுதான் நினைத்தேன்.

பிப்ரவரி 20

இன்று காலையிலேயே நடுக்கம். யாரும் பார்க்கவில்லை.

மார்ச் 4

எங்கள் டாக்டர் மேடம் செம்பூரிலிருந்து ஒரு பெண்ணைக் கூட்டிவந்தார். பெயர் ஹரிதா. இருபத்தெட்டு வயதிருக்கும், மாட்டுங்காவில் வளர்ந்த பாலக்காட்டுப் பெண், என்ஜினியர். சிரிஞ்சின் முனையில் மாட்டுகிற ஒரு பிளாஸ்டிக் மூடி செய்திருக்கிறாள். மூடிக்கு வெளியே ஊசி ஒன்றரை மில்லிமீட்டர்தான் நீட்டிக்கொண்டிருக்கிறது. சாய்த்துப் பிடிக்க வேண்டாமாம். நேராக வைத்து அழுத்தினால் அதற்கு மேல் உள்ளே போகாதாம்.

“யார் போட்டாலும் ஒரே மாதிரி போகணும் சிஸ்டர். அதுக்குத்தான் இது.”

யார் போட்டாலும் என்றால் நான் எதற்கு? கேட்கவில்லை. ரப்பர் தோலில் போட்டுப் பார்க்கச் சொன்னாள். இன்றைக்கு லைன் பெரிசு என்று தட்டிக்கழித்தேன். அவள் முன்னால் கையை நீட்டப் பயம்.

மார்ச் 19

எழுதக் கூசுகிறது. எழுதிவிடுகிறேன்.

ருக்சார், ஏழு வயது. முதல் ஊசியிலிருந்து இன்று இருபத்தெட்டாம் நாள், கடைசி டோஸ். அவள் அப்பா அல்தாப் தோல் பை தைக்கிறவர். ரம்ஜான் ஆர்டர் நிற்கிறது என்று வாசலில் நின்றே அவசரப்படுத்தினார். வலது கையில் நன்றாகப் போனது. இடது கையில் போடும்போது என் கை துள்ளிவிட்டது. மருந்து பிள்ளையின் முழங்கை வரை வழிந்தது. புடைப்பு இல்லை.

“ஹோ கயா?” முடிந்ததா என்றார்.

தலையாட்டினேன். பஞ்சால் துடைத்தேன். ரிஜிஸ்டரில் டிக் போட்டேன்.

இன்னொன்று போட்டிருக்கணும். ஏன் போடல? மறுபடி ஊசியை எடுத்தா கை நடுங்குறத அவர் பார்த்துருவாருன்னா? ஏட்டி விஜயராணி, அதுக்காகவா? பிள்ள உசுரு விசயம்லா இது.

மார்ச் 20

ரிஜிஸ்டரில் இருக்கிற அல்தாப் போன் நம்பரை வேறு யாரோ எடுக்கிறார்கள். விலாசம்: ‘நைன்ட்டி ஃபீட் ரோடு பக்கம்’. அவ்வளவுதான்.

மார்ச் 21

காலையில் இவரிடம், என் வீட்டுக்காரரிடம், சொன்னேன். ருக்சாரைப் பற்றி, கையைப் பற்றி, எல்லாவற்றையும். ஸ்கூல் வேன் ஓட்டக் கிளம்பிக்கொண்டிருந்த மனுஷர் சாவியை மேஜையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

“கை விசயம் எனக்குத் தெரியும் ராணி. ரெண்டு மாசமா ஒனக்கு அரை டம்ளர்தானே டீ ஊத்துதேன், சிந்திரக் கூடாதுன்னு. நீயா சொல்லட்டும்னு இருந்தேன்.”

நான் கவனிக்கவே இல்லை.

காலை டிரிப்பை முடித்துவிட்டு என்னோடு வந்தார். பை தைக்கிற பட்டறை ஒவ்வொன்றாக ஏறி இறங்கினோம். ஏழாவது பட்டறையில் ஜீஷான் என்று ஒருவர், அல்தாப் மாஹிம் பக்கம் குடிபோய்விட்டதாகச் சொல்லி விலாசம் எழுதிக் கொடுத்தார். நாங்கள் போய்ச் சேரும்போது நோன்பு திறக்கிற நேரம்.

உள்ளதைச் சொன்னேன். ஒரு ஊசி சரியாகப் போகவில்லை, தப்பு என்னுடையது, திரும்பப் போட வேண்டும்.

அல்தாப் மகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு ஹிந்தியில் கேட்டார்: “இது உங்களுக்கு எப்போது தெரியும்?”

“அப்போதே தெரியும்.”

அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. “நாளைக்குக் கூட்டிவருகிறேன். ஆனால் நீங்கள் போடக் கூடாது,” என்றார். அவர் சொன்னது நியாயம்தான். அந்தக் கோபத்துக்கு நடுவிலும் அவர் மனைவி பேரீச்சம்பழத் தட்டை எங்கள் பக்கம் நகர்த்தி வைத்தாள். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

மார்ச் 22

காலையில் மேடமிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஊசியை மேடமே போட்டார். புடைத்தது. ருக்சார் அழவில்லை.

அவர்கள் போன பிறகு மேடம் கதவைச் சாத்தினார். “நீங்கள் சொன்னதால் நான் ரிப்போர்ட் எழுத வேண்டியிருக்கிறது. சொல்லாமல் விட்டிருந்தால் உங்களை மன்னித்திருக்க மாட்டேன்.” இனி எனக்கு ரிஜிஸ்டர் மேஜை. ஊசி இல்லை.

ஏப்ரல் 9

நரம்பு டாக்டர் சொன்னது: உயிருக்குப் பயமில்லை, இது வெறும் கைநடுக்கம். மாத்திரையில் குறையும், முழுதாகப் போகாது. இவர் இரண்டு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார்.

ஏப்ரல் 24

ஹரிதா மறுபடி வந்தாள். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன்: எனக்குக் கை நடுங்கும், வேறு நர்ஸைப் பாரும்மா.

எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டாள்.

“அப்போ எனக்கு உங்க கைதான் வேணும் சிஸ்டர். கை ஸ்டெடியா இருக்கறவாளுக்கு இந்த மூடியே வேண்டாமே.”

என் கை வேண்டும் என்று ஒருத்தி கேட்கிறாள். வீட்டுக்கு வந்தும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மே 17

செம்பூரில் அவள் ஆபீஸ். ஃப்ரிட்ஜ் நிறையப் பன்றித் தோல். மனுஷத் தோலுக்கு அதுதான் கிட்டத்தில் வருமாம். “எங்காத்துல சொல்லிடாதீங்கோ, என்னை உள்ளயே விடமாட்டா,” என்றாள். சிரித்து எத்தனை நாளாயிற்று.

மூடியை மாட்டி நீலத் தண்ணீரை இருபது தடவை போட்டேன். ஒன்பதுதான் சரி. மெதுவாக அழுத்தினால் வழிகிறது. பலமாக அழுத்தினால் தோல் பிதுங்கி மூடியின் வாய்க்குள் ஏறிவிடுகிறது, ஊசி ஆழமாகப் போகிறது. ஹரிதா முகம் வாடிவிட்டது.

“என் கையாலயா?” என்று கேட்டேன்.

“இல்லை. என் கை நடுங்கறதில்லை, எனக்குப் பத்துதான் வந்தது.”

இன்னொன்றும் சொல்லிவிட்டு வந்தேன். புடைப்பு வருகிறதா என்று இந்த மூடி பார்க்கவே விடுவதில்லை. பார்க்க முடியாவிட்டால் போட்டேன் என்று எப்படி எழுதுவது? நான் ஒருதரம் எழுதியது போதும்.

ஜூன் 14

மூடி இல்லாமல், வழக்கமாகப் போடுகிற மாதிரி பன்றித் தோலில் போடச் சொல்லி வீடியோ எடுத்தாள். திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள்.

“சிஸ்டர், இந்த இடது கை என்ன பண்றது?”

என்ன பண்ணுகிறது? பார்த்தேன். குத்துவதற்கு முன்னால் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தோலை இரண்டு பக்கமும் இழுத்து விறைப்பாகப் பிடிக்கின்றன. ஊசி போன பிறகுதான் விடுகின்றன. பதினாலு வருஷமாகச் செய்திருக்கிறேன், ஒரு நாளும் யோசித்ததில்லை. எல்லாரும் ஊசி பிடித்த கையைத்தான் பார்ப்பார்கள். நானும்தான்.

“அப்போ இந்த வேலையை மூடி பண்ணணும்,” என்று சொல்லி வரைய உட்கார்ந்துவிட்டாள். டீ ஆறிப்போனது.

ஜூலை 26

பேய் மழை. ரயில் இல்லாமல் பஸ்ஸில் செம்பூர் போனேன்.

புது மூடி கண்ணாடி மாதிரி. உள்ளே நடப்பது தெரிகிறது. அடியில் அகலமான ரப்பர் விளிம்பு. அழுத்த அழுத்த விளிம்பு விரிந்து தோலை இழுத்துப் பிடிக்கிறது. போதுமான அளவு அழுத்தியதும் ‘டிக்’ என்கிறது, அப்புறம்தான் ஊசி இறங்குகிறது. கை நடுங்கினாலும் விளிம்பு தோலை விடுவதில்லை.

இருபதில் பதினெட்டு. ஹரிதா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

செப்டம்பர் 3

மருந்துக்குப் பதில் மனிதர்களுக்கு உப்புத் தண்ணீர் போட்டுப் பார்க்க நெறிமுறைக் கமிட்டி அனுமதி தந்துவிட்டது. கை நன்றாக இருக்கிற நர்ஸ்களை மட்டும் வை, ரிசல்ட் அழகாக வரும் என்று அவள் முதலாளி சொன்னாராம். விஜயராணி சிஸ்டர் இல்லாமல் செய்ய மாட்டேன் என்றாளாம். இதை அவள் என்னிடம் சொல்லவில்லை. மேடம் சொன்னார்.

நவம்பர் 15

காட்கோபரில் ஒரு ஆஸ்பத்திரி. நாற்பது பேர், எனக்கு இருபது. யார் பெயரும் தெரியாது, நம்பர் மட்டும். காலையில் மாத்திரை போட்டுக்கொண்டேன். நடுக்கம் கொஞ்சம் இருந்தது. ஒவ்வொருவரிடமும் முதலில் சொன்னேன்: எனக்குக் கை நடுங்கும், வேண்டாம் என்றால் இப்போதே சொல்லலாம். யாரும் எழுந்து போகவில்லை.

பத்தொன்பது பேருக்குச் சரியாகப் புடைத்தது. ஒருவருக்கு வழிந்தது. வழிந்தது என்றே எழுதினேன்.

கடைசியாகத் திரையை விலக்கிக்கொண்டு வந்த இருபதாம் நம்பர், இவர். எனக்குத் தெரியாமல் பெயர் கொடுத்திருக்கிறார். ஹரிதா கமிட்டியிடம் கேட்டு அதற்கு அனுமதி வாங்கி வைத்திருக்கிறாள். முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டு உட்கார்ந்தார். என்னைத் தெரியாதவர் மாதிரி கேட்டார்: “வலிக்குமா சிஸ்டர்?”

“பேசாம இருங்க,” என்றேன்.

திரும்பும்போது ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. இவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். புடைப்பு அமுங்கி ஒரு சிவப்புப் புள்ளிதான் மிச்சம்.

“அதையே ஏன் பாக்குதிய? தானா போயிரும்.”

“தெரியும்,” என்றார்.

குர்லாவில் கூட்டம் ஏறியது. இடிபடாமல் கையை மடியில் வைத்துக்கொண்டார். சயானில் இறங்கும் வரை மடித்துவிட்ட சட்டையை இறக்கவில்லை.