ஏழாம் தகடு

ஹார்லெம்,
4 மார்ச் 1721

அன்புள்ள ரெய்னியருக்கு,

நான் சுகமாக வந்து சேர்ந்தேன். நீங்கள் சுகமாக இருக்கமாட்டீர்கள் என்று தெரியும். அதனால்தான் முதல் வேலையாக எழுதுகிறேன். மாக்டெல்ட் அக்கா வீட்டு மாடியறையில் இருக்கிறேன். உங்கள் இதய உடற்கூறுப் புத்தகத்துக்காக நான் செதுக்கிய செப்புத் தகடுகள் பதினொன்றும் என்னோடு இருக்கின்றன. வைக்கோலில் சுற்றிப் படகில் ஏற்றி, அவற்றின் மேலேயே உட்கார்ந்து வந்தேன்.

சண்டை போட்டுக்கொண்டு போய்விட்டாள் என்று ஊரில் சொல்லாதீர்கள். சண்டை பேராசிரியர் ஓசிங்காவுக்கும் எனக்கும்தான். நீங்கள் தட்டிலிருந்த மீனையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அதுதான் என்னைக் கிளப்பியது.

"உங்களுக்கு நல்ல கை, அம்மா. அந்த ஏழாம் படத்துல, இதயத்தோட நடுச்சுவர்ல ஒரு ஓட்டை தெரியுது. அதை மட்டும் அடைச்சிடுங்க. நாலு கோடு போதும்" என்றார்.

"ஓட்டை இருந்துச்சே ஐயா."

"வயித்துல இருக்கறப்ப எல்லாருக்கும்தான் இருக்கும். பிறந்து ஒரு வருஷத்துல மூடிடும். நாப்பது வயசுப் பொம்பளைக்கு இருக்கக் கூடாது. முப்பது வருஷமா நான் அதைத்தானே சொல்லித் தர்றேன்?"

"அதை நீங்க அந்தப் பொம்பளைகிட்ட அப்பவே சொல்லியிருக்கணும்."

அப்போது மேசைக்கடியில் என் காலை மிதித்தீர்கள். இன்னும் வலிக்கிறது.

மற்றப் பத்துத் தகடுகளையும் தந்துவிடுகிறேன். ஏழாவதில் மட்டும் நான் ஒரு கோடுகூடக் கூட்டமாட்டேன்.

உங்கள்
அலெட்டா

*

கால்வாய்க்கரை வீடு,
11 மார்ச்

என் அலெட்டாவுக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது. காலை மிதித்ததற்கு மன்னித்துவிடு. நீ போனதிலிருந்து வேலைக்காரி க்ரீட் தினமும் பட்டாணிக் கஞ்சியை அடிப்பிடிக்க விடுகிறாள். கேட்டால், "அம்மா இருந்தா கிளறச் சொல்லுவாங்க. நீங்க எங்க சொல்றீங்க?" என்கிறாள். உன் ஜன்னலோரப் பலகையில் யாரையும் உட்காரவிடவில்லை.

உனக்குத் தெரியாதது என்ன இருக்கிறது? இந்தக் கோடையோடு ஓசிங்கா ஓய்வு பெறுகிறார். அவர் யாரைக் கைகாட்டுகிறாரோ அவருக்குத்தான் பேராசிரியர் நாற்காலி. பாரிஸிலிருந்தும் லண்டனிலிருந்தும் பெரிய மனிதர்கள் என்னிடம் சந்தேகம் கேட்டு எழுதுகிறார்கள். சொந்த ஊரில் நான் இன்னும் அவர் பின்னால் கத்தி ஏந்தி நிற்கிறவன். பதினான்கு வருடம் நாம் இருவரும் பிணவாடையில் கிடந்தது இதற்குத்தானா?

முதலில் நாற்காலி வரட்டும். இரண்டாம் பதிப்பில் துளையைத் திறந்துவிடலாம், நம்மை யார் தடுப்பார்கள்? ஓசிங்கா இருக்கும்வரைதான் இந்தப் பொறுமை.

நாலே நாலு கோடு, அலெட்டா. எனக்காக.

உன்
ரெய்னியர்

*

ஹார்லெம்,
19 மார்ச்

அன்புள்ள ரெய்னியருக்கு,

இரண்டாம் பதிப்பில் உண்மை சொல்லலாம் என்று எழுதியதை அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் சிரித்த சிரிப்பில் அடுப்படிப் பூனை ஓடிவிட்டது. "உன் வீட்டுக்காரர் முதல் பதிப்புல கல்யாணம் பண்ணினாரா, ரெண்டாவதுலயா?" என்று கேட்கிறாள்.

ஏழாம் தகட்டின் த்ரெய்னை மறந்துவிட்டீர்களா? துணி வெளுத்துப் பிழைத்தவள், பனிக்கட்டி உடைந்து கால்வாயில் போனவள். உடலைக் கேட்க ஒருவரும் வராததால் நம் மேசைக்கு வந்தாள். நான் மாவு பிசைந்துகொண்டிருந்தேன். "அலெட்டா, எல்லாத்தையும் போட்டுட்டு ஓடி வா! இதைப் பாரு!" என்று நீங்கள்தான் கத்தினீர்கள். மாவுக் கையோடு வந்தேன். பன்றி முடி ஒன்றை என் விரலில் கொடுத்து, "மெதுவா விடு" என்றீர்கள். சுவரின் வலப்பக்கம் நுழைந்தது இடப்பக்கம் வந்து எட்டிப் பார்த்தது. சின்னப் பையன் மாதிரிக் கைதட்டினீர்கள். இந்த மனிதரைக் கட்டிக்கொண்டேனே என்று அன்று எனக்கு அவ்வளவு பெருமை.

இப்போது அந்த மனிதரே அதை அடைக்கச் சொல்கிறார்.

1687-இல் பிறந்து பத்து வயதில் உளி பிடித்தேன். நான் செதுக்கியதன் கீழே அப்பா தன் பெயரைப் போட்டார். கல்யாணத்துக்குப் பிறகு உங்கள் பெயர். இதுவரை வாய் திறந்ததில்லை. பெயரை எடுத்துக்கொண்டீர்கள், சரி. கண்ணையும் எடுத்துக்கொள்ள விடமாட்டேன்.

அலெட்டா

*

கால்வாய்க்கரை வீடு,
2 ஏப்ரல்

அலெட்டாவுக்கு,

மனைவி கையில் இருப்பது கணவனின் உடைமை. இது நான் போட்ட சட்டமல்ல, நாட்டுச் சட்டம். அடுத்த வாரம் நீதிமன்ற அமீனா வருவார். பதினொரு தகடுகளையும் கீறல் விழாமல் ஒப்படைக்கவும். ஏழாவதைத் திருத்த வேறு ஆள் கிடைத்துவிட்டது.

இப்படி எழுத எனக்குப் பிடிக்கவில்லை. எழுத வைத்தவள் நீ.

ரெய்னியர்

*

ஹார்லெம்,
12 ஏப்ரல்

ரெய்னியருக்கு,

உங்கள் அமீனா வந்தார். அக்கா வாசலை மறித்துக்கொண்டு, "செருப்பைக் கழட்டிட்டு வாங்க. இப்பதான் தரையைக் கழுவினேன்" என்றாள். அரசாங்க முத்திரையைக் கையில் பிடித்தபடி வெறுங்காலோடு மாடியேறினார், பாவம். காலுறையில் கட்டைவிரல் வெளியே தெரிந்தது.

"எல்லாம் சரியா இருக்கா பாத்துக்குங்க" என்று பதினொன்றையும் அடுக்கிக் கொடுத்தேன்.

"அழுது ஆர்ப்பாட்டம் பண்ணுவீங்கன்னு சொல்லி அனுப்பிச்சாங்களே?"

"செப்பு அவரோடது. எடுத்துட்டுப் போங்க."

ஏழாம் தகட்டைத் துடைத்துத்தான் கொடுத்தேன். ஆனால் நன்றாகப் பார்த்தால் வரிகளுக்குள் மை தெரியும். அமீனா வருவதற்கு முந்தைய இரண்டு நாளும் பக்கத்துத் தெரு அச்சகத்தில் நானும் அக்காவும் உருளையைச் சுற்றினோம். கைகளை இன்னும் தூக்க முடியவில்லை. நூறு தாள் எடுத்தோம். ஆம்ஸ்டர்டாமில் ஒரு புத்தகக்கடைக்காரர் ஜன்னலில் தொங்கவிட்டிருக்கிறார். ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் கையால் ஒரு வரி எழுதியிருக்கிறேன்: "அலெட்டா பார்த்தாள், வரைந்தாள், செதுக்கினாள்."

உங்கள் ஆள் துளையை அடைக்கட்டும். இந்த நூறையும் வீடு வீடாகப் போய் அடைக்க முடியுமா என்று அவரைக் கேளுங்கள்.

அலெட்டா

*

கால்வாய்க்கரை வீடு,
20 ஜனவரி 1722

என் அன்பு அலெட்டாவுக்கு,

ஒன்பது மாதம் கழித்து எழுதுகிறேன். எந்த முகத்தோடு என்று நீ கேட்பாய்.

புத்தகம் வந்தது. நாற்காலியும் வந்தது. போன செவ்வாய் காலை, கூடம் நிறைந்த சபையில் பேராசிரியராக என் முதல் அறுவை. உடல் ஒரு கரி சுமக்கிறவனுடையது. முன்வரிசையில் ஹூர்ன் ஊரிலிருந்து வந்த வயதான ரண வைத்தியர், புர்மான் என்று பெயர், கையில் உன் தாளை வைத்துக்கொண்டு எழுந்தார்.

"ஐயா, இந்தப் படத்துல ஓட்டை இருக்கு. உங்க புஸ்தகத்துல இல்லை. நான் ஒரு முடியை விட்டுப் பாக்கட்டுமா?" என்றார்.

மறுக்க முடியவில்லை. விட்டார். முடி போனது, அலெட்டா. அந்தப் பக்கம் வந்து நின்றது. எல்லோரும் பார்த்தார்கள்.

ஓசிங்கா என்னைப் பார்த்தார். நான், "பெரியவர் கை நடுங்குது. சுவரைக் கிழிச்சுட்டார்" என்றேன். கூடமே சிரித்தது. புர்மான் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தார்.

அவர் கிழிக்கவில்லை. துளை இருந்தது. த்ரெய்னுக்கும் இருந்தது. என் புத்தகத்தின் ஏழாம் படம் பொய். அது பொய் என்று தெரிந்தே அச்சிட்டேன். இதை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது, சொல்ல உன்னைத் தவிர யாருமில்லை.

வீட்டுக்கு வந்துவிடு. இனி எல்லாப் படத்திலும் உன் பெயர் இருக்கும்.

உன்
ரெய்னியர்

*

ஹார்லெம்,
2 பிப்ரவரி

ரெய்னியருக்கு,

உங்கள் கடிதம் வருவதற்கு மூன்று நாள் முன்னால் புர்மான் இங்கே வந்திருந்தார். தாளில் இருந்த பெயரை விசாரித்து, பனியில் அவ்வளவு தூரம் வந்திருக்கிறார். அக்கா சூடாகப் பால் கொடுத்தாள். குடிக்காமல் வைத்துக்கொண்டு, "அம்மா, நான் கிழிச்சிட்டேனா?" என்று கேட்டார்.

"இல்லீங்க. உள்ளதுதான். எனக்கும் அப்படித்தான் போச்சு" என்றேன்.

"நாப்பது வருஷமா எத்தனையோ பேருக்குக் கல் எடுத்திருக்கேன், கை கால் எடுத்திருக்கேன். இந்தக் கை நடுங்கினதே இல்லை. அன்னிக்கு எல்லாரும் சிரிச்சப்பதான் முதல் தடவையா நடுங்குச்சு" என்றார். அந்தச் செய்தி அவருக்கு முன்பே ஹூர்னுக்குப் போய்விட்டது. இப்போது அங்கே யாரும் அவரைக் கூப்பிடுவதில்லை.

நீங்கள் எழுதியதை நான்கு முறை படித்தேன். அழுதேன். நல்ல கடிதம். ஆனால் இதில் எனக்குத் தெரியாத செய்தி ஒன்றுகூட இல்லை. துளை இருப்பது எனக்குத் தெரியும், நீங்கள் பொய் சொன்னதும் தெரியும். தெரியாதவர்கள் அந்தக் கூடத்தில் உட்கார்ந்து சிரித்தார்களே, அவர்கள். இதை முகவரி மாறி எனக்கு அனுப்பிவிட்டீர்கள்.

ஆகவே உங்கள் கடிதத்தை இத்துடன் திருப்பி வைத்திருக்கிறேன். கடைசி இரண்டு வரியை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டேன், அது எனக்கு எழுதியது. மீதியை அடுத்த செவ்வாய் காலை ஓசிங்காவையும் உட்காரவைத்து உரக்க வாசியுங்கள். புர்மானுக்கு ஆள் அனுப்பி முன்வரிசையில் இடம் கொடுங்கள்.

நானும் வருவேன். பின்வரிசையில் உட்கார்ந்திருப்பேன். வாசித்தால் உங்களோடு வீட்டுக்கு வருகிறேன். வாசிக்காவிட்டால் நான் எழுந்து வாசிக்கிறேன். உங்கள் கடிதத்தை வார்த்தைக்கு வார்த்தை நகல் எடுத்து வைத்திருக்கிறேன்.

அலெட்டா