க்ரீம் படாத மாஸ்க்

என்னங்க,

நீங்களும் பாப்பாவும் வேளாவேளைக்குச் சாப்பிடுறீங்களா? நான் நல்லா இருக்கேன். வயித்தைச் சின்னதாக்கின ஆபரேஷன் முடிஞ்சு ஆறு மாசத்துல இருபத்தெட்டு கிலோ போயிடுச்சு!

போன வாரம் பேக்கரியில ஒரு கூத்து. கேக் அலங்காரம் முடிச்சதும் விரல்ல ஒட்டின க்ரீமைப் பழக்கதோஷத்துல நக்கிட்டேன். ஒரு விரலோட நிக்கலை. இனிப்புதான் இப்ப எனக்கு ஒத்துக்காதே! குப்புன்னு வேர்த்து, தலை சுத்தி, மாவு மூட்டை மேலயே படுத்துட்டேன். பயப்படாதீங்க, அரை மணி நேரத்துல எழுந்துட்டேன்.

"வாய்க்குப் பூட்டுப் போடும்மா"ன்னு மாஸ்டர் திட்டினார். மாஸ்க் போட்டேன். முதல் நாள் அதுல அஞ்சு இடத்துல க்ரீம்! கை தன்னால வாய்க்குப் போயிருக்கு. நேத்து மூணு அடுக்குக் கேக் முடிச்சேன். மாஸ்க்ல ஒரு பொட்டு இல்லை.

இப்பல்லாம் முதல்ல முட்டை, பருப்பு, அப்புறம்தான் மத்தது. பாப்பாவுக்குச் சோறூட்டின சின்னக் கிண்ணத்தை அனுப்புங்க. என் வயித்துக்கு அந்த அளவு போதும். எதிர்ல பாப்பா உட்கார்ந்திருக்கிற மாதிரியும் இருக்கும்.

வேலைக்கு நேரமாச்சு. நேத்துப் போட்ட மாஸ்க்கை இதோட வச்சிருக்கேன். துவைச்சு அனுப்பினேன்னு மட்டும் சொல்லிடாதீங்க!

உங்க முக்கால்வாசிப் பொண்டாட்டி