சாணி வைத்த கை

மச்சான்,

இன்று காலை முத்தாபுதுப்பேட்டை வீட்டின் பின்பக்கம் ஒரு முருங்கைக் கொம்பு நட்டேன். நுனி காய்ந்துபோகாமல் இருக்க அதன் தலையில் சாணி உருண்டையை அப்பியபோது கை கூசியது. அப்போதுதான் உறைத்தது. என் வாழ்நாளில் நான் சாணி வைப்பது இதுதான் முதல் தடவை.

அப்படியென்றால் அன்றைக்கு ஆவடி குவார்ட்டர்ஸில் வைத்தது யார்?

எண்பதுகளில் ஒரு மழைக்காலம். நமக்கு ஒரே ஷிப்டு, ஒரே சைக்கிள், அடுத்தடுத்த வீடு. நடுவேலியோரம் பக்கம்பக்கமாக ஆளுக்கொரு கொம்பு நட்டோம். உன் கொம்புக்குச் சாணி வைத்துவிட்டு, "உன்னுதுக்கும் வெச்சிடு மச்சான், இல்லாங்காட்டி காஞ்சிடும்" என்றாய். நான் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டேன். ஒன்று பட்டுப்போனது, ஒன்று துளிர்த்தது.

மரம் காய்த்துத் தொங்கிய பிறகுதான் அது யாருடையது என்று பேச்சு வந்தது. "என்னுது. சாணி வெச்சதே நான்தான்" என்றேன். முதல் தடவை சொன்னபோது அது பொய் என்று எனக்குத் தெரிந்திருந்ததா? சத்தியமாக நினைவில்லை. நாலு பேரிடம் சொன்ன பிறகு, நான் சாணி உருட்டிய காட்சியே கண்ணில் தெரிய ஆரம்பித்துவிட்டது. குழாயடியில் எல்லார் முன்னாலும் உன்னைப் புளுகன் என்றேன். நான் தங்கச்சி என்று கூப்பிடும் உன் மனைவி குடத்தை அப்படியே வைத்துவிட்டு அழுதுகொண்டே உள்ளே போனாள்.

நீ கூட்டத்தின் பக்கம் திரும்பினாய். "சரிப்பா, மரம் அவனுதுதான்" என்று ஊருக்கே கேட்கச் சொன்னாய். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். கூட்டம் கலைந்ததும் கிட்டே வந்தாய்.

"இப்ப நான் சொன்னது பொய். தெர்ஞ்சேதான் சொன்னேன். நீ சொல்றது இன்னான்னு உனக்காவது தெரியுதா?"

அதற்குப் பிறகு நாம் ஒரே சைக்கிளில் போகவில்லை. நீ ரிட்டயராகிக் கரையான்சாவடிக்குப் போகும்வரை புளுகன் என்ற பேர் உன்னை விடவில்லை. போன வருடம் உன்னை அடக்கம் செய்தபோது, உன்னை மன்னித்துவிட்டேன் என்று வேறு மனதுக்குள் சொல்லிக்கொண்டேன், பாவி நான்.

இன்றைக்குப் பக்கத்து வீட்டுக்காரர் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தார். "இன்னா சார், சாணியெல்லாம் வெக்கிறீங்க? யாரு சொல்லிக் குடுத்தது?"

"எனக்கு அப்பவே தெரியும்" என்று சொல்ல வாய் தானாகத் திறந்தது, மச்சான். இத்தனைக்குப் பிறகும். நாக்கைக் கடித்து நிறுத்திக்கொண்டு உன் பேரைச் சொன்னேன். "மரம் அவனுதுதான் சார்" என்றேன்.

எந்த மரம் என்று அவருக்குப் புரியவில்லை. இதை நான் அன்றைக்கே குழாயடியில் சொல்லியிருக்க வேண்டும்.