தமிழ் பேசத் தெரிந்தால் போதும்

ஜூலை 14, திங்கள்
விடிந்ததிலிருந்து தூறல். துவைத்த துணியெல்லாம் ஹாலில் கொடி கட்டிக் கிடக்கிறது, வீடு முழுக்க ஈர வாடை. வீட்டுக்காரர் சாகண் தொழிற்பேட்டைக்குப் போகும் கம்பெனி பஸ்ஸைத் தவறவிடப் பார்த்தார். டிபன் தாமதம். தப்பு என்னுடையதுதான், போனில் இருந்தேன்.

வேலையில் சேர்ந்து மூன்று வாரம். ‘தமிழ் பேசத் தெரிந்தால் போதும், வீட்டிலிருந்தே வேலை’ என்று விளம்பரம். புனே வந்த எட்டு வருஷத்தில் என் தமிழ் ஒருத்தருக்குத் தேவைப்படுவது இதுதான் முதல் தடவை. காய்காரரிடம் அரைகுறை இந்தி. அடுக்குமாடி சொசைட்டி மீட்டிங்கில் வாயே திறப்பதில்லை. இங்கே வேலை கொடுத்த ரோஹித் சார், “மேடம், ஆப்கி தமிழ் பஹுத் மீட்டி ஹை” என்கிறார், என் தமிழ் ரொம்ப இனிப்பாம். முகம் பார்த்ததில்லை, குரல் மட்டும்தான்.

தினம் இருபது நம்பர் வரும். கூப்பிட்டு, டைப்பிங் வேலைக்குத் தேர்வாகிவிட்டீர்கள், பதிவுக் கட்டணம் கட்டுங்கள், முதல் சம்பளத்தோடு திரும்ப வந்துவிடும் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

மகள் நிலா: “அம்மா, நீ போன்ல வேற ஆள் மாதிரி பேசற. ஏக்தம் ஸ்வீட், அவ்ளோ ஸ்வீட். என்கிட்ட மட்டும் அப்படிப் பேச மாட்டேங்கற.”
சிரித்தேன். பெருமையாகத்தான் இருந்தது.

ஜூலை 16, புதன்
மழை விடவில்லை. கேஸ் புக் செய்ய. நிலாவின் ரெயின்கோட்டுக்குப் பட்டன்.

இன்று ஒரு அம்மா கேட்டுவிட்டார். “ஏனுங்க, பணம் கட்டச் சொன்னா அது ஏமாத்து வேலைன்னு சொல்றாங்களே?”
“எங்க கம்பெனி அப்படி இல்லீங்க” என்றேன். கம்பெனியில் எழுதிக் கொடுத்த பதில்.

போனை வைத்த பிறகு என்னவோ போல். நான் சேரும்போது என்னிடம் ஒரு பைசா கேட்கவில்லை. அதனால்தான் நம்பினேன். பணம் கேட்டால் போகாதே என்று எல்லாரும் சொல்கிறார்கள், இது கேட்காத வேலை, ஆகவே நல்ல வேலை. அப்படியென்றால் இவர்களிடம் மட்டும் ஏன் கேட்கிறோம்?

ரோஹித்திடம் கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. கேட்டால் வேலை இருக்காது என்று எனக்குத் தெரிந்திருக்கிறது. ஆக, தெரிந்திருக்கிறது.

ஜூலை 18, வெள்ளி
முதல் ஆடி வெள்ளி. நாங்கள் இருக்கும் நிக்டிப் பகுதித் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து விளக்குப் பூஜை. பாயசம் என் பொறுப்பு, சர்க்கரை தூக்கல்.

புதிதாக ஒரு பெண், ஜெயந்தி. கோபிச்செட்டிபாளையம் பக்கம். கணவருக்கு ரஞ்சன்காவ் ஆலையொன்றில் ஒப்பந்த வேலை. எத்தனையோ இடம் இருந்தும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஏன் வாட்டமாக இருக்கிறாய் என்று யாரோ கேட்டதற்குச் சொன்னாள்.

“வீட்டுலயே வேலைன்னு போன் வந்துச்சுங்க. இந்தியில பேசியிருந்தா அப்பவே வெச்சிருப்பேன். நம்மூருப் பேச்சு. எடுத்ததும் ‘சாப்டீங்களா’ன்னு கேட்டாங்க. இங்க வந்து அஞ்சு மாசத்துல என்னைய யாரும் அப்படிக் கேக்கலீங்க.”

கட்டணம் கட்டியிருக்கிறாள். பிறகு ஆதார், பேன் கார்டு போட்டோ அனுப்பியிருக்கிறாள். இப்போது அவள் பேரில் கடன் இருக்கிறது என்று மிரட்டல் போன்கள். கணவர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

எழுதிக் கொடுத்த வசனத்தில் ‘சாப்டீங்களா’ கிடையாது. அது நானாகச் சேர்த்தது.

“அந்தப் பொம்பள நாசமாப் போக” என்றார்கள். நானும் தலையாட்டினேன். “ஐயோ பாவம்” என்றுகூடச் சொன்னேன். வாய் கூசவில்லை. அவள் கிளம்பும்போது நெற்றியில் குங்குமம் வைத்துவிட்டேன், இந்தக் கையால்.

ஜூலை 19, சனி
வேலை வேண்டாம் என்று ரோஹித்துக்கு அனுப்பினேன். உடனே என்னை பிளாக் செய்துவிட்டார். சாப்பாட்டை மூடி வைத்துவிட்டேன். வீட்டுக்காரரிடம் தலைவலி என்றேன்.

காலையிலிருந்து எனக்கு நானே சொல்லிக்கொள்வது:
எனக்குத் தெரியாது. (புதன்கிழமையே தெரியும்.)
நான் இல்லாவிட்டால் வேறொருத்தி பேசியிருப்பாள். (ஆனால் பேசியது நான்.)
நானும்தான் ஏமாந்தேன், சம்பளம் வரவில்லை. (இதை ஜெ. முன்னால் சொல்ல முடியுமா?)

கூப்பிட்டவர்கள் பேரை எழுதி வைத்த நோட்டை எடுத்துப் பார்த்தேன். பணம் கட்டினவர்கள் பேருக்கு நேரே டிக், பச்சைப் பேனாவில். எவ்வளவு அழகாகப் போட்டிருக்கிறேன். பதினொரு பேர்.

ஜூலை 22, செவ்வாய்
கொஞ்சம் வெயில். துணி பால்கனிக்குப் போனது. மூன்று நாளாக நோட்டைத் திறப்பதும் மூடுவதும்தான். இன்று அவர் கிளம்பியதும் என் சொந்த நம்பரிலிருந்து கூப்பிட ஆரம்பித்தேன். அன்றைக்குப் பேசினது நான்தான், அது மோசடி, இனி எதுவும் கட்டாதீர்கள், பேங்கில் சொல்லுங்கள், போலீசில் எழுதிக் கொடுங்கள்.

இருவர் எடுக்கவில்லை. ஒருத்தர் கெட்ட வார்த்தை. ஒருத்தர் “நன்றிங்க” என்றார், அதுதான் தாங்கவில்லை. ஜெ.யைக் கடைசிக்குத் தள்ளிக்கொண்டே வந்தேன்.

முழுதும் சொல்ல விடவில்லை அவள்.
“வெள்ளிக்கிழமையே தெரியுங்க அக்கா. நீங்க பூஜைக்குப் பேசிக்கிட்டே உள்ள வந்தப்பவே குரல் தெரிஞ்சுபோச்சு. நீங்களாச் சொல்லுவீங்கன்னுதான் பக்கத்துல வந்து உக்காந்தேன்.”

அவளே தொடர்ந்தாள்.

“நேத்து போலீசுல யாரு மேலயாச்சும் சந்தேகமான்னு கேட்டாங்க. இல்லைன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.”

நாளைக் காலை பத்து மணிக்கு ஸ்டேஷனுக்கு நானே வருகிறேன், எல்லாவற்றையும் சொல்கிறேன் என்றேன். அழுதுகொண்டேதான் சொன்னேன்.

“இதையாச்சும் நம்பலாமுங்களா?” என்று கேட்டாள்.