நான் அழித்த புள்ளிகள்

இன்று காலை ஆபீஸ் வாசலில் இறக்கிய பார்சல் பெட்டிகள் மழையில் ஊறிவிட்டன. உள்ளே தூக்கி வைக்கும்போது நனைந்த அட்டையின் வாசனை மூக்கில் ஏறியது. கூட இருந்தவர்கள் முகம் சுளித்தார்கள். எனக்கு உன் ஞாபகம் வந்தது.

சுற்றி வளைத்து எழுத எனக்கு வராது, உனக்கே தெரியும். நீ போய் இரண்டு வருடம் ஆகிறது. அந்த மே மாதத்து மழை நாளைப் பற்றி நாம் ஒரு தடவைகூடப் பேசிக்கொண்டதில்லை. இப்போது எழுதிவிடுகிறேன்.

இன்ஜினியரிங் இரண்டாம் வருடம் முடிந்த லீவு அது. சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் இருந்த டிசைன் ஆபீஸில் இரண்டு மாத வேலைக்குச் சேர்ந்தேன். கிராப் தாளில் வரைந்த புடவை பார்டர்களை நெசவாளர்கள் கொண்டு வருவார்கள். நான் அவற்றை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றுவேன். நீ அதைப் பார்த்து மெஷினில் அட்டைகளுக்குத் துளை போடுவாய். அந்த அட்டைகளைத் தறிக்கு மேலே உள்ள ஜக்கார்டு பெட்டியில் மாட்டினால், எந்த இழை எப்போது மேலே எழும்ப வேண்டும் என்பதை அந்தத் துளைகள் பார்த்துக்கொள்ளும்.

நமக்கு ஒரே வயது. நீ பிளஸ் டூவோடு நின்றுவிட்டு, தாமலிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாய். முதல் நாளே என்னை ‘இன்ஜினியரே’ என்று கூப்பிட ஆரம்பித்தாய். அதில் மரியாதை துளிகூட இல்லை. நானும் சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு அட்டையையும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறாயே, இப்படிப் பார்த்தால் எந்தக் காலத்தில் முடிப்பாய் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மழைக்கு முந்தின நாள் நீ ஒரு கல்யாணத்துக்காக லீவு. முதலாளி பெங்களூரில். ஸ்கேன், துளை இரண்டையும் நானே செய்தேன். சாயங்காலம் மாகறலிலிருந்து சரளா அக்கா வந்து அட்டைக் கட்டை வாங்கிக்கொண்டு போனார். பல வருடம் அடுத்தவர் தறியில் கூலிக்கு நெய்தவர். இப்போதுதான் வீட்டிலேயே சொந்தத் தறி போட்டிருந்தார். அதில் இதுதான் முதல் புடவை. வியாபாரிக்கு இது பிடித்தால்தான் அடுத்த புடவைக்குப் பட்டு தருவார், இல்லையென்றால் திரும்பவும் கூலித் தறிதான் என்று படி இறங்கும்போது சொல்லிவிட்டுப் போனார். நான் பாதிதான் காதில் வாங்கினேன்.

மறுநாள் காலையிலிருந்தே மழை. கரண்ட் இல்லை. செய்ய வேலையும் இல்லை. மேஜையில் முந்தின நாள் நான் துளை போட்டுப் பார்த்து மிச்சமிருந்த ஒரு சோதனை அட்டையை எடுத்து, வழக்கம் போல ஜன்னலில் வைத்துப் பார்த்தாய். அப்புறம் அக்காவின் கிராப் தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்தாய்.

“இங்க நடுவுல புள்ளிங்க இருந்துதே, எங்கபா?”

“அதெல்லாம் ஸ்கேன்ல வந்த தூசி. ஒரே கிளிக்ல எடுத்துட்டேன்.” பெருமையாகத்தான் சொன்னேன்.

அது தூசி இல்லை என்றாய். பார்டரில் சரிகை பட்டையாக ஓடும் இடத்தில், பட்டு இழை நடுநடுவே மேலே ஏறி அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்த இடங்கள்தான் புள்ளிகள். அவை இல்லாவிட்டால் சரிகை தொளதொளவென்று மிதக்கும், ஒரு வளையல் பட்டால் போதும், இழுத்துக்கொண்டு வந்துவிடும்.

அக்காவுக்குப் போன் போட்டோம். அடித்துக்கொண்டே இருந்தது. மழை நின்றதும் போகலாம் என்றேன். உண்மையைச் சொன்னால், போகவே வேண்டாம் என்றுதான் இருந்தது. அட்டையில் யார் பெயரும் எழுதியிருக்கவில்லை.

“மழ நிக்கிற வரைக்கும் அந்தக்கா நெய்ஞ்சிக்கினே இருக்கும்பா,” என்றாய்.

என் பைக்கில் கிளம்பினோம். இருந்த ஒரே ரெயின்கோட்டைக் கிராப் தாளுக்கும் கையால் துளை போடும் கருவிக்கும் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாய். மாகறல் போய்ச் சேரும்போது இரண்டு பேரும் தொப்பல்.

அக்கா நாலு விரல் அளவுக்கு நெய்திருந்தார். பார்டர் தகதகவென்று இருந்தது. அதைப் பார்த்து அவர் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார் என்று அப்போதுதான் நினைத்தேன். நீ விரல் நகத்தால் சரிகையை லேசாக நெம்பிக் காட்டினாய். வளையமாக எழும்பியது. அவர் முகம் மாறியது.

“இத்த யாருப்பா செஞ்சது?”

நீ என்னைக் கைகாட்டவில்லை. உன் மேல் போட்டுக்கொள்ளவும் இல்லை. தலையைத் துவட்டிக்கொண்டு சும்மா நின்றாய். அந்தச் சில நொடிகள் எனக்கு எவ்வளவு நீளம் என்று உனக்குத் தெரிந்திருக்கும்.

“நான்தான்கா.”

திட்டுவார் என்று நினைத்தேன். “சரி, வந்து ஒக்காரு. பிரி. இழ அறுந்துச்சினா நீதான் முடிச்சி போடணும்,” என்று தறியில் இடம் விட்டார்.

குறுக்கே ஓடிய இழைகளை ஒவ்வொன்றாகப் பின்னோக்கி உருவினேன். அவசரப்பட்டால் அறும். இரண்டு இடத்தில் அறுத்தேன், அவர் சொல்லச் சொல்ல முடிச்சும் போட்டேன். நீ தரையில் உட்கார்ந்து கிராப் தாளைப் பார்த்து, விட்டுப்போன துளைகளை ஒவ்வொரு அட்டையிலும் கையால் போட்டாய். “இன்ஜினியரே, ஒரே கிளிக்ல பிரிச்சிடேன்,” என்று நீ சொன்னதற்கு அக்காதான் முதலில் சிரித்தார். மூன்று மணிக்குத் தறி மறுபடி ஓடியது. வியாபாரி அந்தப் புடவையை எடுத்துக்கொண்டார், அடுத்ததற்குப் பட்டும் கொடுத்தார். இப்போது அந்த வீட்டில் இரண்டு தறி.

உன் மேல் எனக்கு ஒரு கோபம் இருக்கிறது. யாரோ ஒருவர் தறிக்காக மழை நிற்கும்வரை பொறுக்காதவன், உன்னைக் கொண்டுபோன அந்தக் காய்ச்சலுக்கு மட்டும் நாளைக்குப் பார்க்கலாம், நாளைக்குப் பார்க்கலாம் என்று நாலு நாள் படுத்திருந்தாய். ஆஸ்பத்திரிக்கு நான் வந்தபோது பேசும் நிலையில் நீ இல்லை. இதை மன்னிக்க எனக்கு இன்னும் மனசு வரவில்லை.

நான் இப்போது ஒரகடத்தில் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் டிசைன் பிரிவில் இருக்கிறேன். போன மாதம் நான் அனுப்பிய வரைபடத்தில் ஓர் அளவு தப்பு. கூட்டத்தில் பத்துப் பேர். யார் செய்தது என்று யாரும் கேட்பதற்கு முன்பே, நான்தான் என்றேன். உடனே வேலையைப் பார்க்க ஆரம்பித்தோம். மதியத்துக்குள் சரிசெய்தாயிற்று. மேனேஜர் ஆச்சரியப்பட்டார், வழக்கமாக யார் செய்தது என்று கண்டுபிடிக்கவே இரண்டு நாள் ஆகுமாம்.

எனக்குப் பொறுமை இன்னும் வரவில்லை. வரும் என்றும் தோன்றவில்லை. ஆனால் பொறுமை இல்லாதவனுக்கு, நான்தான் என்று சொல்லிவிடுவதைவிடக் குறுக்குவழி வேறு கிடையாது.