காட்டுமல்லி என்று ஒரே பொட்டலம்

நாள் 211. 07:10
பசுமைக்கூடம். வெப்பம் 26, ஈரப்பதம் 61. காட்டுமல்லித் தொட்டிகள் 64. எல்லாம் உயிருடன் உள்ளன. தொட்டி 17இல் அடியிலைகள் மஞ்சள், நீர் குறைத்தேன்.
பதிவு செய்பவன் வைரவநாதன், தாவரவியல், வயது 71. இந்தச் செவ்வாய் நிலையத்தில் மூவர் இருக்கிறோம். மருத்துவர் எஸ்தரும் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் மாயழகும் வசிப்புக்கூடத்தில். அங்கே காற்றுக்குழாயில் கறுப்புப் பூஞ்சணம் பிடித்துவிட்டது. ஒன்பது நாளாக இடைக்கதவு மூடியிருக்கிறது. கதவு மூடியபோது நான் இந்தப் பக்கம் நின்றது தற்செயல்தான். மாயழகுக்கு இருமல். சூரியன் குறுக்கே வந்துவிட்டதால் பூமியோடு இன்னும் இருபது நாள் பேச முடியாது.

நாள் 212. 16:40
பூஞ்சணத்துக்கு மருந்து தேடி, இங்குள்ள எல்லாச் செடிகளின் இலைகளையும் இடைக்கதவிலுள்ள கைமாற்றுப் பெட்டி வழியாக எஸ்தர் கேட்டு வாங்கிச் சோதிக்கிறார். இன்று வந்த ஒலிபரப்பு:
“கேக்கியளா சார்? ஒம்பதாம் நம்பர் மல்லிச் சாறு ஊத்துன தட்டுல பூஞ்சணம் கருகிப் போச்சு. பத்தாம் நம்பர் ஊத்துனதுல ஒண்ணும் ஆவல. ரெண்டும் ஒரே செடின்னுல்லா சொன்னிய?”
எண் ஒட்டியதில் நான்தான் தவறியிருப்பேன் என்றேன். மறுபடி அனுப்பினேன், இரண்டு முறை சரிபார்த்து.

நாள் 213. 09:05
அதே முடிவு. இரண்டையும் கலந்தால் பத்தின் சாறு ஒன்பதின் வேலையை முறித்துவிடுகிறது என்கிறார் எஸ்தர்.
ஒருவர் குணமாகப் பத்துச் செடிகளின் இலை வேண்டும். சாறு இறக்க ஆல்கஹால் ஒரே முறைக்குத்தான் இருக்கிறது. சோதனைத் தட்டுகள் இரண்டுதான் மிச்சம். ஆகவே 64 தொட்டிகளையும் கண்ணால் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். பிரிக்க வேண்டியவன் நான்.

நாள் 213. 14:30
இதை எழுதித்தான் ஆக வேண்டும். நாற்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் காட்டுமல்லி பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். அதுவரை இரண்டு இனம் என்று சிலர் சொல்லிவந்ததை ஒன்று என்று நிறுவிய கட்டுரை. உலர்ந்த மாதிரிகள் நூற்றுப் பத்து பார்த்தேன். சிலவற்றில் பூவின் அடியில் உள்ள புல்லிப் பற்கள் நூல்போல நீண்டிருந்தன, சிலவற்றில் குட்டை. அது பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தேன். என் பேராசிரியர் “காயும்போது சுருங்கியிருக்கும்” என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆனாலும் அந்தப் பத்தியை என் கையாலேயே அடித்தேன்.
அந்தக் கட்டுரையை நம்பித்தான் விதைக் காப்பகத்தில் பல மலைகளில் எடுத்த விதைகளை ஒரே பொட்டலத்தில் கொட்டியிருக்கிறார்கள். பொட்டலத்தின் மேல் ஒரே பெயர்.

நாள் 214. 11:20
இலை அகலம்: பயனில்லை, விளக்கொளியில் எல்லாம் ஒரே அகலமாகிவிட்டன. நரம்பு: பயனில்லை. தண்டில் மயிர்: சிலவற்றில் உண்டு, சிலவற்றில் இல்லை, காற்றின் வறட்சியாக இருக்கலாம். பூ இருந்தால் பற்களைப் பார்க்கலாம். ஒரு செடியிலும் பூ இல்லை.
மாயழகு (இவர் வீட்டார் உசிலம்பட்டிப் பக்கம் மல்லிகைத் தோட்டக்காரர்கள்):
“அய்யா, தண்ணி ஊத்தி ஊத்தி வளத்தா எலைதான் வரும். தண்ணிய நிப்பாட்டுங்க, நுனியக் கிள்ளி விடுங்க. செடி செத்தோம்டான்னு பயந்துச்சுன்னா மொக்கு வச்சுரும். இத்தனை படிச்சவுக, இது தெரியாதா உங்களுக்கு?”
தெரியாது. நான் காய்ந்த செடிகளை மட்டுமே படித்தவன். நீரை நிறுத்தினேன்.

நாள் 219. 08:00
எஸ்தரும் இருமுகிறார். மறைக்கப் பார்த்தார், ஒலிபெருக்கியில் கேட்டுவிட்டது.

நாள் 221. 10:15
ஏழு செடிகளில் மொட்டு. ஒன்பதும் பத்தும் அவற்றில் இல்லை. பற்கள் நான்கில் நீளம், மூன்றில் குட்டை. இடைப்பட்டது ஒன்றுகூட இல்லை. இரண்டு இனம்தான்.
நீளப் பல் உள்ள ஒன்றின் இலையை அனுப்பினேன். பூஞ்சணம் கருகியது.

நாள் 222. 13:50
இலைக்காம்பில் ஒரு மூட்டு இருக்கிறது, வேறுபாடு அதில்தான். நீளப் பல் செடிகளில் மூட்டு காம்பின் நடுவில்; குட்டைப் பல் செடிகளில் அடியில். ஏழுக்கு ஏழும் சரி. ஒன்பதில் நடுவில், பத்தில் அடியில். மொட்டில்லாத ஒரு செடியை மூட்டை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்துக் கடைசித் தட்டில் சோதிக்கச் சொன்னேன். கருகியது.
64இல் 29 செடிகள் தேறுகின்றன. இருவருக்கும் போதும். மூன்று முறை எண்ணினேன். பிறகு நான்காம் முறையும்.

நாள் 223. 09:30
தொட்டி 31இல் புதிதாக ஒரு மொட்டு, அதன் பற்கள் இன்னும் பிரியவில்லை. 29இல் அதுவும் ஒன்று. பற்களைப் பார்த்துவிட்டுச் சாறு இறக்கலாம், ஒரு நாள் பொறுங்கள் என்றேன்.
மாயழகு: “அய்யா... அது விரியறதுக்குள்ள நான் வாடிருவேன் போல. கலியாணப் பொண்ணாட்டம் எம்புட்டு நேரந்தான் யோசிப்பீக?”
எஸ்தர்: “சார், அவருக்கு மூச்சு நிமிசத்துக்கு நாப்பது. நான் அவசரப்படுத்தல. நீங்களே முடிவு பண்ணுங்க.”
என் வாழ்நாள் முழுதும் பொறுத்தே கெடுத்திருக்கிறேன். இன்று பொறுக்கவில்லை. 29 செடிகளின் இலைகளையும் உருவி ஒன்றாகச் சாறு இறக்கினேன். ஆல்கஹால் தீர்ந்தது. சாறு 17:10க்குப் பெட்டியில் வைக்கப்பட்டது.

நாள் 224. 12:00
மாயழகு: “வாயெல்லாம் கசக்குதுய்யா. ஊருக்குப் போய் உங்களுக்கு மொறையா ஒரு முழம் பூ வாங்கித் தாரேன், இதக் குடிக்க வச்ச பாவத்துக்கு.”
சிரித்தார். நானும் சிரித்தேன்.

நாள் 225. 06:45
31 விரிந்தது. பற்கள் நீளம்தான். ஆனால் நூல்போல உருண்டவை அல்ல. தட்டை, விளிம்பில் மயிர். தண்டிலும் மயிர்.
மூட்டு நடுவில்.

06:58
லென்ஸோடு எல்லாத் தண்டுகளையும் பார்த்தேன். 29இல் 17 மயிருள்ளவை. சோதித்தவை எல்லாம் மயிரில்லாதவை. இது மூன்றாவது இனம். இரண்டு என்று சொன்னவர்களும் தவறு, ஒன்று என்று சொன்ன நானும் தவறு.

07:20
எஸ்தரிடம் சொன்னேன். அவர்:
“அப்போ அதான் சார். நேத்தே தெரியும், சளி தெளியல. அவரு வெடியக்காலைல போயிட்டாரு. ஒங்ககிட்ட எப்படிச் சொல்லன்னு நெனச்சிட்டிருந்தேன்.”

07:40
மயிரில்லாதவை 12. பத்துப் போதும் ஒருவருக்கு. இன்று காலைவரை பொறுத்திருந்தால் ஒருவராவது பிழைத்திருப்பார்.

நாள் 227. 15:00
எஸ்தர்: “சார், கதவ உள்ளேருந்து பூட்டிட்டேன். வந்துராதீங்க. அழுவாதீங்க, எனக்குக் கேக்குது. அந்த மூணு வகைச் செடியையும் ஒழுங்கா எழுதி வைங்க. வாரவங்களுக்கு ஆவும்லா.”
அதற்குப் பின் ஒலிபரப்பு இல்லை.

நாள் 229. 09:10
எனக்கும் இருமல் தொடங்கியது. பெட்டி வழியாக வந்திருக்கும். தளிர் வர இருபது நாளாகும். எனக்கு அத்தனை நாள் இல்லை. சொட்டுநீரைத் தானியங்கியில் போட்டேன்.
பூமிக்குச் சொல்லும் கருவியும் வெளிவாசலும் வசிப்புக்கூடத்துப் பக்கம். பூட்டை உடைக்கப் பார்த்தேன். என்னால் முடியவில்லை.

நாள் 232
முதல் இனம்: பற்கள் நூல்போல், நீளம். மூட்டு நடுவில். தண்டு வழுவழுப்பு. மருந்து இதுதான். சிவப்பு நூல் கட்டியிருக்கிறேன்.
இரண்டாம் இனம்: பற்கள் குட்டை. மூட்டு அடியில். முறிக்கும்.
மூன்றாம் இனம்: பற்கள் தட்டை, மயிர். மூட்டு நடுவில். முறிக்கும்.
இவற்றை ஒன்றாகச் சேர்க்காதீர்கள்.

நாள் 233 அல்லது 234
தொட்டி 44. தண்டு வழுவழுப்பு என்று எழுதியிருந்தேன். இப்போது மயிர் இருப்பதாகத் தெரிகிறது. லென்ஸில் என் மூச்சு படிகிறது. துடைத்தேன். இருக்கிறது. இல்லை. நூலை அவிழ்த்துவிட்டேன்.
உறுதியானவை பதினொன்று.

நேரம் தெரியவில்லை
இந்தக் குறிப்பேடு பசுமைக்கூடத்துக்குள் இருக்கிறது. இங்கே வர வசிப்புக்கூடத்தைத் தாண்டித்தான் வந்திருப்பீர்கள். முகமூடியைக் கழற்றிவிட்டுப் படிக்கிறீர்கள் என்றால் இந்தக் காற்றை ஏற்கெனவே உள்ளே இழுத்துவிட்டீர்கள்
சிவப்பு நூல் பதினொன்று. ஒருவருக்குப் பத்து
நீங்கள் எத்தனை பேர்