டொனேஷனுக்கு ரசீது

2025 ஜூன் 5
முதல் சம்பளம். இருபதாயிரம் பேங்கில் விழுந்துவிட்டது. அம்மை மெசேஜைப் பக்கத்து வீட்டுக்கெல்லாம் காட்டினாள். "எனக்க மவ ஜினி நர்ஸாக்கும், நெய்யாற்றின்கரையில!"

ஜூன் 6
மேனேஜர் சுந்தரதாஸ் சார் அறைக்குக் கூப்பிட்டார். "ஒன்பதாயிரம் கேஷா கொண்டு வா கொச்சே." எதற்கு? ஆஸ்பத்திரி வளர்ச்சிக்கு டொனேஷனாம். லேபர் ஆபீசுக்குக் காட்ட இருபது, எனக்குத் தின்னப் பதினொன்று. நாலு வருஷ நர்ஸிங் படிப்பில் இந்தப் பாடம் மட்டும் விட்டுப்போயிருக்கிறது.
கொடுத்தேன். இரண்டு தடவை எண்ணினார்.

ஜூன் 8
சர்ச்சில் பாஸ்டர், சேவை செய்யும் நம் சகோதரி ஜினிக்காக ஜெபித்தார். நானும் ஆமென் சொன்னேன். வேறென்ன சொல்ல?

ஜூன் 15
வேலையை விட்டுவிடலாமா? சர்டிபிகேட் எல்லாம் மேனேஜர் அலமாரியில். ஒரு வருஷ அனுபவமாவது இல்லாமல் வெளிநாட்டு ஏஜென்சிக்காரன் முகம் கொடுத்துப் பேசமாட்டான்.
அப்பா கொத்தனார். "விட்டுட்டு எனக்க கூட கலவை குழைக்க வா மக்கா, நாளுக்கு ஆயிரம் உண்டு" என்றார். சிரித்தோம். படிப்புக் கடன் நினைவு வந்ததும் அவர் நிறுத்திவிட்டார்.

ஜூன் 27
வார்டில் மூத்தவர் ஸ்வப்னா சேச்சி. ஆறு வருஷமாகக் கொடுக்கிறாராம். "ரெண்டு பிள்ளைகள் படிக்குது. வாயை மூடிட்டு ஜோலியப் பாரு."

ஜூலை 5
மறுபடியும் சம்பளம், மறுபடியும் டொனேஷன் கேட்டார் சுந்தரதாஸ் சார். "ரசீது தருவீங்களா சாரே?"
ஊசியைப் பார்த்த பிள்ளை மாதிரி அவர் முகம். "சேவைக்கு ரசீது உண்டா கொச்சே?"

ஜூலை 7
ரசீது கேட்டதற்குக் காஷுவாலிட்டியில் டபுள் டியூட்டி. கால் வீங்கிப்போச்சு. எனக்கு என்ன கிறுக்கா? எல்லாரையும் போல குடுத்துட்டுப் போவப்பிடாதா? — எதுக்குக் குடுக்கணும்? மூத்திரம் அள்ளினது நான். வாந்தி தொடச்சது நான். அவருக்கு எதுக்கு?

ஜூலை 8
கொடுத்தேவிட்டேன். பில் கவுண்டரில் ஒட்டியிருக்கும் க்யூஆரை ஸ்கேன் செய்து, "சம்பளத்தில் நிர்வாகம் திரும்பக் கேட்டது" என்று குறிப்பும் எழுதி.
லிப்ட் இருந்தும் மூன்று மாடி ஓடி இறங்கி வந்தார் சுந்தரதாஸ் சார். "கேஷால்லா சொன்னேன்! இது ரெக்கார்ட் ஆவுமே பிள்ளே!"
"அதுக்காக்கும் சாரே அனுப்பினேன்."
சாயங்காலத்துக்குள் ஒன்பதாயிரமும் என் கணக்குக்குத் திரும்பி வந்தது.

ஜூலை 9
இன்று ஆறு பேர் அதே க்யூஆரை ஸ்கேன் செய்தார்கள். முதல் ஆள் ஸ்வப்னா சேச்சி.

ஜூலை 12
கேட்காமலே சர்டிபிகேட்டுகளைக் கவரில் போட்டுத் தந்தார்கள். "நமக்கு ஒத்துவராது." கூடவே இரண்டு மாத அனுபவச் சான்று; நடத்தை நன்று என்று சுந்தரதாஸ் சார் கையெழுத்து.
அம்மை இன்று பக்கத்து வீட்டுப் பக்கம் போகவில்லை.

ஆகஸ்ட் 6
ஸ்வப்னா சேச்சி போன் செய்தார். இந்த மாதம் யாரிடமும் திரும்பக் கேட்கவில்லை. "முழுசும் எனக்க கையில உண்டு, ஜினி." சொல்லிவிட்டு அழுதார். சந்தோஷந்தான். வேலை இல்லாதவள் நான் மட்டும்.

ஆகஸ்ட் 20
திருப்புறம் பக்கம் வீடு வீடாகப் போய்ப் படுக்கையில் கிடக்கும் நோயாளிகளைப் பார்க்கிற வேலை. இன்டர்வியூவில் ஒரு டாக்டரம்மா கேட்டார்: "பழைய வேலையை எதுக்கு விட்டே?"
"சம்பளம் முழுசாக் கிடைச்சுட்டு டாக்டரே. அதனாலதான்."
அவர் சிரிக்கவில்லை. எந்த ஆஸ்பத்திரி என்றும் கேட்கவில்லை. திங்கட்கிழமை வரச் சொன்னார்.